வாசகர் கேள்விகள்: வினைவெப்பமும் விளைச்சலும்

கேள்வி: 40.5 கிராம் அலுமினியமும் 80 கிராம் ஃபெரிக் ஆக்ஸைடும் வினைபுரிந்தால் வெளிப்படும் வெப்பம் எவ்வளவு? எடை குறைந்த அலுமினியம்தான் முதலில் தீரும் என்று வைத்துப் போட்டேன். 639 கிலோ ஜூல் வந்தது. விடைப் பக்கத்திலோ 426.

பதில்: 426தான் சரி. எது முதலில் தீரும் என்பதைக் கிராமை வைத்துச் சொல்லவே முடியாது. கிராமை அந்தப் பொருளின் மோல் நிறையால் (ஒரு மோலின் எடை) வகுத்து மோலாக்குங்கள்: அலுமினியம் 40.5 ÷ 27 = 1.5; ஆக்ஸைடு 80 ÷ 160 = 0.5. சமன்படுத்திய சமன்பாட்டில் 2 மோல் அலுமினியத்துக்கு 1 மோல் ஃபெரிக் ஆக்ஸைடு; விளைவது 1 மோல் அலுமினியம் ஆக்ஸைடு, 2 மோல் இரும்பு. மோல்களை அவற்றின் குணகத்தால் (சமன்பாட்டில் முன்னால் நிற்கும் எண், இங்கே 2, 1) வகுத்தால் 0.75, 0.5. சிறிய எண் எதற்கு வருகிறதோ அதுவே முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் வினைக் கட்டுப்பாட்டுக் காரணி. இங்கே அது எடை கூடிய ஆக்ஸைடு!

மீதி எல்லாம் அந்த 0.5-லிருந்துதான். வெப்பம் 0.5 × 852 = 426 கிலோ ஜூல். 852 என்பது சமன்பாடு முழுவதற்கும் உரிய வெப்பம், ஒரு மோல் அலுமினியத்துக்கு உரியதல்ல. பலர் சறுக்குவது இங்கேதான். இரும்பு 0.5 × 2 × 56 = 56 கிராம். அலுமினியத்தில் 0.5 மோல், அதாவது 13.5 கிராம் மிஞ்சும். கையில் 49 கிராம் இரும்பு கிடைத்தால் விளைச்சல் 49 ÷ 56 × 100 = 87.5 சதவீதம்.

கேள்வி: 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி., அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்ஸைடு 50 மி.லி. கலந்தேன். வெப்பநிலை 6.5 டிகிரி உயர்ந்தது. நடுநிலையாக்கல் வெப்பம் 27 கிலோ ஜூல்தான் வருகிறது. ஏன் பாதி?

பதில்: நிறைக்கு 50 கிராம் போட்டிருக்கிறீர்கள். சூடேறியது கலவை முழுவதும். ஆகவே 100 கிராம். 100 × 4.18 × 6.5 = 2717 ஜூல் (4.18 என்பது ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான ஜூல்). உருவான நீர் 0.05 மோல். வகுத்தால் மோலுக்கு 54.3 கிலோ ஜூல்; வெப்பம் வெளியேறுவதால் என்தால்பி (வெப்ப உள்ளடக்கம்) மாற்றத்துக்கு எதிர்க்குறி போடுங்கள். ஏற்கப்பட்ட மதிப்பு ஏறத்தாழ 57. குறைவது கோப்பைக்கும் காற்றுக்கும் போன வெப்பம். மூடியிட்டு, விடாமல் கலக்கி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள். வரைபடத்தில் குளிரும் கோட்டைக் கலந்த நேரம் வரை பின்னோக்கி நீட்டி உயர்வைப் படித்தால் இன்னும் நெருங்கும். கலக்குமுன் இரண்டு கரைசல்களும் ஒரே வெப்பநிலையில் இருந்தனவா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: பேரியம் சல்ஃபேட் வீழ்படிவின் விளைச்சல் 104 சதவீதம் வருமா?

பதில்: வராது. நூறைத் தாண்டிய எடை பெரும்பாலும் ஈரம்; சில நேரம் கழுவாமல் விட்ட உப்பு. வெந்நீரில் கழுவி, உலர்த்தி, ஆறவிட்டு எடை போடுங்கள். அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒத்துப்போகும்வரை உலர்த்துவதை நிறுத்தாதீர்கள்.