நீக்குகிறவரின் கை

அன்புள்ள ஐயா,

எட்டு வருடமாக இருந்த ஓர் இணையக் குழுவிலிருந்து போன மாதம் வெளியேறினேன். என் பதில் ஒன்றைக் காரணம் சொல்லாமல் நீக்கிவிட்டார்கள். கேட்டால் ‘விதிமீறல்’ என்று ஒற்றைச் சொல். கோபத்தில், எதையுமே நீக்க மாட்டோம் என்று அறிவித்துக்கொண்ட இன்னொரு குழுவில் சேர்ந்தேன். மூன்றே வாரம்தான். எதைப் பற்றிப் பேச்சை ஆரம்பித்தாலும் பத்தாவது பதிலில் யாராவது யாருடைய தாயையாவது இழுத்துவிடுகிறார்கள். நான் கருத்துச் சுதந்திரத்தை நம்புகிறவன். நீக்குவது தணிக்கைதானே? அப்படியானால் எங்கே போய்ப் பேசுவது? நீக்கப்பட்ட பதிலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

தணிக்கை என்ற சொல்லை நான் கொஞ்சம் சேமித்து வைத்துக்கொள்வேன். பேசியதற்காக அரசு ஒருவரைச் சிறையில் தள்ளினால் அவர் போக வேறு இடம் கிடையாது. உங்களுக்கு இருந்தது, மறுநாளே போய்விட்டீர்கள். (எல்லோரும் ஒரே நிறுவனத்தின் தளத்தில்தான் இருக்கிறார்கள் என்றால் இந்த வாதம் பலவீனமாகிவிடும். ஒப்புக்கொள்கிறேன்.)

எதையும் தொடாமல் விடுவதுதான் நேர்மை என்ற எண்ணம் ஒரு காலத்தில் நீதிமன்றத்துக்கே இருந்தது. அமெரிக்காவில் கம்ப்யூசர்வ் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் மீது ஓர் அவதூறு வழக்கு வந்தது, 1991ல் தீர்ப்பானது. அவர்கள் தங்கள் தளத்தில் வருவதைப் படித்துப் பார்ப்பதில்லை, ஆகவே பொறுப்பில்லை என்று தப்பித்தார்கள். 1995ல் அதே தொழிலில் இருந்த ப்ராடிஜி மாட்டிக்கொண்டது. ஸ்ட்ராட்டன் ஓக்மான்ட் என்ற பங்குத் தரகு நிறுவனம் மோசடி செய்கிறது என்று யாரோ பெயர் தெரியாதவர் அங்கே எழுதியிருந்தார். ப்ராடிஜி ஆபாசத்தையும் வசையையும் நீக்கி வந்த நிறுவனம். நீக்குகிறாய் அல்லவா, அப்படியானால் நீ பதிப்பாளர், எல்லாவற்றுக்கும் நீயே பொறுப்பு என்றது நியூயார்க் நீதிமன்றம். வீட்டைப் பெருக்குகிறவனுக்குத்தான் அபராதம்! இந்தக் கோணலைச் சரிசெய்யவே 1996ல் அமெரிக்கச் சட்டத்தில் 230ஆவது பிரிவு வந்தது. நல்லெண்ணத்தோடு நீக்குவதால் ஒரு தளம் பதிப்பாளர் ஆகிவிடாது என்றானது. அப்புறம், அந்தத் தரகு நிறுவனத்தின் தலைவர்கள் 1999ல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பெயர் தெரியாதவர் சொன்னது அவ்வளவு தப்பில்லை போலும். பேச்சைக் காப்பாற்ற வேண்டியது ஏன் என்பதற்கும் இதே கதைதான் சாட்சி.

சொந்தக் கதை ஒன்று. முந்நூறு பேர் இருந்த ஓர் இணையக் குழுவுக்கு நான் கொஞ்ச காலம் மாடரேட்டர், அதாவது எது நிற்கலாம், எதை நீக்கலாம் என்று பார்த்துக்கொள்பவன். அங்கே ஒருவர் எல்லா உரையாடல் இழையிலும் பதில் எழுதுவார். வசை கிடையாது, ஒரு விதியையும் மீறியதில்லை. யார் எதைச் சொன்னாலும் ‘ஆதாரம்?’ என்பார். ஆதாரம் கொடுத்தால் அதற்கு ஆதாரம் கேட்பார். கருத்துச் சுதந்திரம் என்று ஐந்து மாதம் அவரைத் தொடாமலே இருந்தேன். ஒருநாள்தான் உறைத்தது, வாரம் ஒருமுறை நிதானமாக நீளமாக எழுதும் ஒரு பெண்மணியைக் காணோம். தனியாகக் கேட்டேன். “ஒன்று எழுதினால் அடுத்த இரண்டு நாள் அவருக்கு விளக்கம் சொல்வதிலேயே போகிறது. எனக்கு வேலை இருக்கிறது” என்றார். பழைய இழைகளைப் புரட்டினேன். அவரைப் போலவே இன்னும் பதினோரு பேர் சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தார்கள். ஒருவரை நீக்கியிருந்தால் ஊரே கூடி என்னிடம் நியாயம் கேட்டிருக்கும். இந்தப் பன்னிரண்டு பேருக்காக ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான்.

சரி, எங்கே போவது? ரெட்டிட் என்ற விவாதத் தளத்தில் 2011 முதல் இருக்கும், வரலாற்றுக் கேள்விகளுக்கான ஆஸ்க்ஹிஸ்டாரியன்ஸ் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். ஒரு சுவையான கேள்வி இருக்கும், கீழே எக்கச்சக்கமான பதில்கள் என்று எண் காட்டும். உள்ளே போனால் ‘நீக்கப்பட்டது’, ‘நீக்கப்பட்டது’ என்று வரிசையாக நடுகற்கள். எரிச்சல்தான் வரும். மறுநாள் அதே இடத்துக்குப் போனால், சில சமயம், விஷயம் தெரிந்த ஒருவர் கட்டுரை நீளத்துக்குப் பதில் எழுதி வைத்திருப்பார். கேட்டால் சான்று தருவார். நகைச்சுவைத் துணுக்குகளுக்கு நடுவே அவர் எழுத உட்கார்ந்திருப்பாரா? அங்கே எது நிற்கும், எது நிற்காது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் பழைய குழுவில் இல்லாதது அதுதான்.

மெட்டாஃபில்டர் என்ற இன்னொரு இணையக் குழு, சேர ஐந்து டாலர் கட்டணம் வைத்தது. பெரிய தொகை அல்ல, ஆனால் துரத்தப்பட்டவன் புதுப் பெயரில் நூறு தடவை திரும்பி வர யோசிப்பான். அங்கே நிர்வாகத்தைக் கேள்வி கேட்பதற்கென்றே மெட்டாடாக் என்று தனிப் பகுதியும் உண்டு. எனக்கு அந்த ஐந்து டாலரைவிட இதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஒரு குழுவில் சேரும் முன் விதிகள் பக்கத்தை மட்டும் படித்துப் பயனில்லை, எல்லோரும் நன்றாகத்தான் எழுதி வைத்திருப்பார்கள். பழைய சண்டை ஒன்றைத் தேடிப் படியுங்கள். மாடரேட்டர் எந்த இடத்தில் உள்ளே வந்தார், என்ன சொன்னார், தன் நண்பரையும் அதட்டினாரா, ‘நான் சொன்னது தப்பு’ என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு மாதம் வாயைத் திறக்காமல் வாசிப்பதிலும் நஷ்டம் இல்லை.

உங்கள் நீக்கப்பட்ட பதிலைப் படித்தேன். முதல் இரண்டு பத்திகள் நல்ல வாதம். மூன்றாவது பத்தி ‘படிக்கத் தெரியாதவர்களுக்குப் புரியும்படி சொன்னால்’ என்று தொடங்குகிறது. நானாக இருந்தால் முழுவதையும் நீக்கியிருக்க மாட்டேன். அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லி உங்களுக்குத் தனியாக எழுதியிருப்பேன். எடுத்திருப்பீர்களா?