அடுத்தவர் பாட்டைப் பாடினால் என்ன?

கேள்வி: ஐயா, அமெரிக்க 'கன்ட்ரி' (அந்நாட்டுக் கிராமியச் சாயல் இசை) பாடகர் வில்லி நெல்சன் 1978இல் வெளியிட்ட 'ஸ்டார்டஸ்ட்' தொகுப்பைக் கேட்டேன். பத்துப் பாட்டும் பிறர் எழுதிய பழைய பாட்டுகள். சொந்தச் சரக்கு இல்லாமலா இப்படிச் செய்தார்? நாங்களும் ஒரு இசைக்குழு வைத்திருக்கிறோம். 'அடுத்தவன் பாட்டைத்தானே பாடுறீங்க' என்று ஊரில் கேட்கிறார்கள்.
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: சரக்கு இல்லாத ஆள் இல்லை, தம்பி. 1961இல் பற்சி கிளைன் பாடிப் பெயர் வாங்கிய 'கிரேஸி' பாட்டை எழுதியவரே நெல்சன்தான். ஸ்டார்டஸ்ட் செய்யப்போகிறேன் என்றபோது அவருடைய இசைத்தட்டு நிறுவனத்துக்கே நம்பிக்கை வரவில்லை. அதுவோ அமெரிக்க இசைச் சஞ்சிகையான பில்போர்ட்டின் கன்ட்ரி தரவரிசையில் பத்து வருடம் நின்று பிடித்தது.

'ஜோர்ஜியா ஒன் மை மைண்ட்' பாட்டை மட்டும் எடுப்போம். 1930இல் ஹோகி கார்மைக்கேல் மெட்டமைத்தது. 1960இல் ரே சார்ள்ஸ் பாடியபோது பின்னால் வயலின்களும் கோரஸும் நிறைந்து நிற்கும். அதில் ஊறிய காதுக்கு நெல்சன் பாடுவது முதலில் வெறிச்சென்றிருக்கும். இன்னொரு முறை போட்டுக் கேளுங்கள். தாளம் தன்பாட்டில் போகிறது, சொல் கொஞ்சம் பிந்தி வருகிறது, அப்புறம் அடி முடிவதற்குள் எட்டிப் பிடித்துவிடுகிறார். ஏங்குகிற பாட்டு அது. அந்தப் பிந்தலில்தான் ஏக்கமே இருக்கிறது. கையில் நைலோன் நரம்பு போட்ட பழைய மார்ட்டின் கிற்றார். மீட்டி மீட்டியே பலகையில் ஓட்டை விழுந்த கிற்றார் அது! அந்தப் பாட்டுக்குத்தான் கிறாமி விருதும் கிடைத்தது.

நம் பக்கத்துக் கூத்தைப் பாருங்கள். கதையும் தெரியும், பாட்டும் தெரியும். ஆனாலும் விடிய விடியக் களரியைச் சுற்றி இருக்கிறோம். கூத்தைப் பழக்கி நடத்தும் இந்த அண்ணாவியார், பாத்திரம் களரிக்கு வரும்போது பாடும் வரவுப் பாட்டை எப்படி எடுக்கிறார், மத்தளம் எங்கே இறுகுகிறது என்பதற்காகத்தான் இருக்கிறோம். பழைய கூத்தைத்தானே ஆடுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

உங்கள் குழுவிடம் ஒன்று கேட்பேன். கலியாண மண்டபங்களில் இறுவட்டில் உள்ள முன்னிசையைக்கூட அச்சொட்டாக வாசிக்கிறார்கள். அதை விடுங்கள். உங்களுக்கு உயிரான ஒரு பாட்டை எடுத்து, சுருதியை உங்கள் தொண்டைக்கு இறக்கி, கீபோர்ட்டை நிறுத்திவிட்டு ஒரு கிற்றாரோடு பாடிப் பாருங்கள். மேடையில் எழுதியவர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் சொல்லுங்கள். இறுவட்டாக வெளியிடுவதென்றால் உரிமை வைத்திருப்பவரிடம் முதலில் அனுமதி வாங்குங்கள்.