சேற்றைக் கிளறவா படிக்க வைத்தீர்கள்?

"சேத்தைக் கிளறவா இவளை இவ்வளவு தூரம் படிக்க வச்சே?" என்று தாய்மாமன் கேட்டாராம். மகள் அன்று இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டாளாம். ஒரு தாய் எழுதியிருக்கிறார். பள்ளிப் படிப்பு முடிகிறது, வேதியியலில் நல்ல மதிப்பெண். மருத்துவம், இல்லாவிட்டால் கணினிப் பொறியியல் என்று உறவினர்கள் முடிவே செய்துவிட்டார்கள். அவளோ ஆழ்கடல் சேற்றில் அரிய மண் தனிமங்கள் எப்படிச் சேருகின்றன என்று படிக்க வேண்டும் என்கிறாள்.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆறுதல் இவ்வளவுதான். மருத்துவம், கணினி பற்றியும் நான் எழுதப்போவதில்லை. அதற்கு உங்கள் அண்ணன் இருக்கிறார்.

மதிப்பெண் பட்டியலோடு அவளுடைய நோட்டில் ஒரு பக்கத்தையும் "இந்தக் கிறுக்கலைப் பாருங்கள்" என்று அனுப்பியிருந்தீர்கள். "உயிரோடு இருக்கும் மீனின் பல்லில் இல்லாதது, செத்த பிறகு எங்கிருந்து வந்தது?" என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறாள். அது கிறுக்கல் இல்லை. இந்தத் துறையின் நடுக் கேள்வியே அதுதான்.

அரிய மண் தனிமங்கள் என்றால் நியோடிமியம், டிஸ்ப்ரோசியம், இட்ரியம் என்று மொத்தம் 17 தனிமங்கள். ஆறும் காற்றில் வரும் தூசும் கடலடி வெந்நீர் ஊற்றுகளும் இவற்றைக் கடலுக்குக் கொண்டுவருகின்றன. கடல்நீரில் இவை இருக்கும் அளவு மிகமிகச் சொற்பம். நீரில் மிதக்கும் இரும்பு, மாங்கனீஸ் ஆக்சைடு துகள்கள் அந்தச் சொற்பத்தையும் ஒட்டவைத்துக்கொண்டு கீழே இறங்குகின்றன. அங்கே செத்த மீன்களின் பல்லும் எலும்பும் கிடக்கின்றன. அவை அபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட். துகள்கள் சேற்றின் இடுக்குகளில் உள்ள நீரில் விட்டுவிடும் இந்தத் தனிமங்கள் பல்லுக்குள் நுழைந்து, கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பதினேழில் ஒன்றான சீரியம் மட்டும் பெரும்பாலும் வராது. அது ஆக்சிஜனேற்றம் அடைந்து மாங்கனீஸோடு போய்விடும். பல்லைச் சோதித்து ஒவ்வொரு தனிமத்தின் அளவையும் கோட்டுப்படமாக (graph) வரைந்தால் சீரியம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை முதல்முறை பார்க்கும் மாணவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இதற்கெல்லாம் பொறுமை வேண்டும், கடலுக்கு. கரையிலிருந்து வெகுதூரத்தில், ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் படியாத இடங்களில்தான் பற்களுக்கு ஊற நேரம் கிடைக்கிறது. ஆழமும் உதவுகிறது: குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே சுண்ணாம்பு ஓடுகள் கரைந்துவிடுவதால், அவை கலந்து சேற்றில் பல்லின் பங்கு குறைந்துபோவதில்லை. பசிபிக் கடலடிச் சேற்றில் இவை செறிந்திருப்பதை ஜப்பான் விஞ்ஞானி யசுஹிரோ கடோ குழுவினர் 2011-இல் வெளியிட்டார்கள். அப்புறம் ஜப்பானின் மினமிதோரிஷிமா தீவருகே, 5,500 மீட்டருக்கும் கீழே, இந்தத் தனிமங்களின் அளவு பத்து லட்சத்தில் 5,000 பங்கைத் தாண்டிய சேறு கிடைத்தது. அந்தச் செறிந்த அடுக்கு சுமார் 3.44 கோடி ஆண்டுகளுக்கு முன், மீன்கள் திடீரெனப் பெருகிய காலத்தது என்று பின்னர் கணித்தார்கள்.

வேலை எப்படி இருக்கும்? கப்பலில் சில வாரங்கள், மற்றபடி ஆய்வகம்தான். சாக்லேட் நிறச் சேற்றைச் சல்லடையில் கழுவி, கனமான திரவத்தில் போட்டால் களிமண் மிதக்கும், பல் அடியில் தங்கும். ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக நுண்ணோக்கியின் கீழ் பொறுக்க வேண்டும். மணல் அளவில், தேன் நிறத்தில், கூம்பாக இருக்கும். பிறகு அமிலத்தில் கரைத்து, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவியில் அளவிடுவார்கள். கழுத்து வலிக்கும், அதையும் அவளிடம் சொல்லுங்கள்.

"கடலில் சுரங்கம் வந்தால் கோடிக்கணக்கில் சம்பளமாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையில் இதில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். இந்தச் சேற்றை வணிக அளவில் யாரும் இன்னும் எடுக்கவில்லை. அங்குள்ள உயிர்களுக்கு என்ன ஆகும் என்ற வாக்குவாதமும் ஓயவில்லை. சுரங்கமே வராவிட்டாலும் அவள் கையில் நிற்கப்போவது அந்த அளவிடும் திறமை. குடிநீரிலும் உணவிலும் மருந்திலும் உள்ள உலோகங்களைச் சோதிக்கும் ஆய்வகங்களிலும் அதே கருவிதான் ஓடுகிறது.

பணத்தில் மட்டும் நான் கறார். இளநிலைக்கு வேதியியலோ நிலவியலோ (ஜியாலஜி), நல்ல ஆய்வகம் உள்ள சாதாரணக் கல்லூரி போதும். "ஆழ்கடல் சுரங்க டிப்ளமா" என்று யாராவது பெரிய கட்டணம் கேட்டால் வேண்டாம். வீட்டை அடகு வைக்கவே வேண்டாம், இதற்கும் சரி, உங்கள் அண்ணன் சொல்லும் படிப்புக்கும் சரி. முனைவர் பட்டத்தை உதவித்தொகை இல்லாமல் செய்யக் கூடாது. கிடைக்கவில்லையென்றால் ஓராண்டு ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டு மறுபடி முயலட்டும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மாணவர்கள் கருவியைத் தாங்களே தொட்டு இயக்குகிறார்களா என்று கேளுங்கள். கேள்வியை அவளே கேட்கட்டும், மாமா கேட்க வேண்டாம். அந்த நோட்டுப் பக்கத்தை மறக்காமல் அவளிடமே திருப்பிக் கொடுங்கள், அதில் இன்னும் பாதி காலியாக இருக்கிறது.