கேள்வி பதில்: விமானத்தை முன்னால் தள்ளுவது எது?

விமானப்படையில் இன்ஜின் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது சூலூரில் குடியிருக்கிறேன். நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் என் துறைக்குள் வருபவற்றுக்குப் பதில் தருகிறேன்.

காங்கேயத்திலிருந்து ஒரு விவசாயி: எங்கள் கிணற்று மேட்டு ஆயில் இன்ஜினும் சிறிய விமானத்தின் இன்ஜினும் ஒன்றுதானா?

அடிப்படை ஒன்றுதான், ஐயா. இரண்டிலும் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுவதைக் கிராங்க் ஷாஃப்ட் சுழற்சியாக மாற்றுகிறது. உங்கள் இன்ஜினில் அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. செஸ்னா 172 போன்ற விமானத்தில் பெட்ரோலை பிளக் பற்றவைக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் இன்ஜின் தண்ணீரை இறைப்பதில்லை, பெல்ட் வழியாகப் பம்பைச் சுற்றுகிறது, பம்புதான் தண்ணீரைத் தள்ளுகிறது. அதேபோலப் பிஸ்டன் இன்ஜின், மூக்கில் சுழலும் விசிறியான புரொப்பெல்லரைச் சுற்றுவதோடு சரி. புரொப்பெல்லர் காற்றைப் பின்னால் தள்ளுகிறது, அந்தக் காற்று புரொப்பெல்லரை முன்னால் தள்ளுகிறது. உந்துவிசை பிறப்பது அங்கேதான்.

திருப்பூரிலிருந்து ஒரு மாணவர்: புல்லட் இன்ஜினைச் சிறு விமானத்தில் பொருத்தலாமா?

1903இல் ரைட் சகோதரர்கள் பறந்தது ஏறத்தாழ 12 குதிரைத்திறன் கொண்ட இன்ஜினில்தான். ஆகவே திறன் மட்டும் தடை இல்லை, தம்பி. சாலையில் ஓடும் வண்டி தன் முழுத்திறனைச் சில நொடிகளே கேட்கிறது. விமானமோ முக்கால் பங்குத் திறனை மணிக்கணக்கில் கேட்கிறது. சுற்றும் வேகமும் முக்கியம். 1.9 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,700 சுற்றில் ஓடினால் அதன் நுனி நொடிக்கு ஏறத்தாழ 270 மீட்டர் வேகத்தில் போகும். 5,000 சுற்றில் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும், அப்போது இரைச்சலும் இழப்பும்தான் மிஞ்சும். அதனால்தான் விமானத்துக்கு மெதுவாகச் சுற்றும் பெரிய இன்ஜின்களைச் செய்தார்கள்.

ஓர் எச்சரிக்கை: சாவியை அணைத்துவிட்டோம் என்று நம்பி யாரும் புரொப்பெல்லரைக் கையால் திருப்பாதீர்கள். பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவுக்கு பேட்டரி வேண்டியதில்லை, இன்ஜின் சுற்றினாலே போதும். அதை எர்த் செய்யும் ஒயர் அறுந்திருந்தால், கையால் அசைத்த அந்த ஒரு சுற்றுக்கே பொறி விழும். என்னோடு பயிற்சி பெற்ற ஒருவரின் முன்கை இப்படித்தான் முறிந்தது.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு தோப்புக்காரர்: ஜெட் விமானம் பின்னால் இருக்கும் காற்றில் மோதித்தானே முன்னே போகிறது?

இல்லை என்று எழுதியதும் மூன்று முறை மறுத்து எழுதிவிட்டார், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். உங்கள் தோப்பில் முனை குறுகிய ஓஸைக் கையில் பிடித்துக்கொண்டு மோட்டாரைப் போடச் சொல்லுங்கள். கை பின்னால் தள்ளப்படும். முதலில் தண்ணீரை வெட்டவெளியில் விடுங்கள். பிறகு பத்தடி தள்ளி நிற்கும் தொட்டிச் சுவரின்மேல் பாய்ச்சுங்கள். கையில் படும் தள்ளல் கூடாது, குறையாது. சுவரில் மோதுவதால் அது வரவில்லை. தண்ணீரை வேகப்படுத்தி வெளியேற்றும் வேலைக்கு எதிர்வினையாக ஓஸின் உள்ளேயே பிறக்கிறது. ஜெட் இன்ஜினும் அப்படித்தான்: கம்ப்ரெசர் காற்றை அழுத்த, எரிபொருள் அதைச் சூடாக்க, அந்தச் சூடான காற்றில் சுழலும் டர்பைன் கம்ப்ரெசரைச் சுற்றுமளவுக்கு ஆற்றலை எடுத்துக்கொள்ள, மீதி ஆற்றலால் காற்று வேகத்தோடு பின்னால் வெளியேறுகிறது. இன்ஜினின் உள்பாகங்கள் மேல் படும் அழுத்தமே விமானத்தைத் தள்ளுகிறது. காற்றே இல்லாத வெளியில் ராக்கெட் பறப்பது இதனால்தான்.

பெருந்துறையிலிருந்து ஒரு மாணவி: பயணிகள் ஜெட்டின் முன்னால் அவ்வளவு பெரிய விசிறி எதற்கு?

இந்த வாரம் வந்தவற்றில் நல்ல கேள்வி இதுதான், அம்மணி. நொடிக்கு 1 கிலோ காற்றை 100 மீட்டர் வேகத்துக்குத் தள்ளினாலும், 10 கிலோ காற்றை 10 மீட்டர் வேகத்துக்குத் தள்ளினாலும் கிடைப்பது அதே 100 நியூட்டன் விசை. ஆனால் முதலாவதில் காற்றோடு போகும் ஆற்றல் நொடிக்கு 5,000 ஜூல், இரண்டாவதில் 500 மட்டுமே. நிறையக் காற்றை மெல்லத் தள்ளுவதே சிக்கனம். ஆகவே பெரும்பகுதிக் காற்று எரிபொருள் எரியும் எரிகலனுக்குள் போகாமல் விசிறியால் தள்ளப்பட்டு அதைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. எங்கள் வீட்டுக்கு மேலே பறக்கும் தேஜஸ் போர் விமானத்துக்கு வேகமே முதல் தேவை என்பதால் அதன் எஃப்404 இன்ஜினில் சுற்றிப்போகும் காற்று குறைவு.

ஈரோடு, கோபி, தாராபுரம்: புல்லட் இன்ஜின் பொருத்தலாமா?

மேலே திருப்பூர்த் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். இதை ஆறு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

கரூர்: விமானி உரிமம் வாங்க என்ன செலவாகும்?

என் துறை அல்ல. பயிற்சிப் பள்ளியில் நேரில் கேளுங்கள்.

பல்லடத்திலிருந்து ஒருவர்: பழைய விமான இன்ஜின் ஒன்று பட்டறைக்கு வந்திருக்கிறது, கையால் சுழற்றிப் பார்க்கலாமா?

முதலில் எல்லா சிலிண்டரிலும் பிளக்குகளைக் கழற்றி வெளியே வையுங்கள். ஒரு சிலிண்டருக்கு இரண்டு இருக்கும், இரண்டையும் கழற்றுங்கள். அதன் பிறகு சுற்றுங்கள்.