புதுக் குடியிருப்புகளுக்கு ஒரே ஆலையிலிருந்து குழாய்வழியாகச் சூடோ குளிரோ அனுப்பினால் கார்பன் குறையுமா? திட்டமிடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சிங்கப்பூரில் பதினாறு வருஷமாக சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்) வேலை பார்க்கிறேன். இங்கே சூட்டைக் குழாயில் அனுப்ப வேண்டிய அவசியமில்லை, அதை வானமே பார்த்துக்கொள்கிறது. நாங்கள் அனுப்புவது குளிர்ந்த தண்ணீர். ஐரோப்பாவில் வெந்நீர். திட்டமிடுகிறவருக்கு வரும் தலைவலி மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

குறையுமா என்றால், குறையும். ஆனால் எல்லாரும் எந்த ஹீட் பம்ப் (வெளியிலிருக்கும் சூட்டை மின்சாரத்தால் இழுத்துத் தண்ணீருக்கு ஏற்றும் இயந்திரம்), எந்த சில்லர் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். யார் இணைவார்கள், எப்போது இணைவார்கள் என்பதை முதலில் கேளுங்கள். சிங்கப்பூரின் வணிக வட்டாரமான மரினா பேயில் இதற்கென்றே 2001-ல் சட்டம் போட்டு, அந்த வட்டாரத்தில் வரும் கட்டடங்கள் இணைந்தே ஆகவேண்டும் என்றார்கள். 2006-ல் நிலத்தடி ஆலை ஓட ஆரம்பித்தது. டென்மார்க்கும் 1979-லேயே சட்டம் போட்டு, எந்தப் பகுதிக்கு எந்த வகைச் சூடு என்று திட்டமிட்டது. இன்று அங்கே ஏறக்குறைய மூன்றில் இரண்டு வீடுகளுக்குச் சூடு குழாயில் வருகிறது.

சிங்கப்பூரின் புது நகரமான தெங்கா வேறு மாதிரி. வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) நகரங்களில் மத்தியக் குளிரூட்டல் முதலில் வந்தது அங்கேதான். ஆனால் சேருவதும் சேராததும் வீட்டுக்காரர் விருப்பம். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் குழாயின் அளவை முடிவு செய்வது, எத்தனை இலை விழும் என்று தெரியாமல் கல்யாணச் சமையலுக்கு அரிசி போடுவது மாதிரி. சில ப்ளாக்குகளின் மொட்டைமாடியில் சில்லரை வைத்தது இந்த விஷயத்தில் நல்ல யோசனை என்றே எனக்குப் படுகிறது. தரைக்கடியில் மொத்தமாகப் பணத்தைப் புதைக்க வேண்டியதில்லை.

அடுத்தது நேரம். மரினா பேயில் அலுவலகத்துக்கு மதியம் குளிர் வேண்டும், ஹோட்டலுக்கு ராத்திரி. ஒரே சில்லர் இருவருக்கும் உழைக்கும். வெறும் வீடுகள் என்றால் ராத்திரி பத்து மணிக்கு எல்லாப் படுக்கையறையிலும் ஒன்றாக ஏர்கான் ஓடும், பகலெல்லாம் இயந்திரம் சும்மா கிடக்கும். பக்கத்தில் ஒரு கடைத்தொகுதியோ பள்ளிக்கூடமோ சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

திரும்பி வரும் தண்ணீரை யாரும் மதிப்பதில்லை. ஒருமுறை ஒரு கட்டடத்தில் 6 டிகிரியில் போன தண்ணீர் 12-ல் திரும்புவதற்குப் பதில் 9-ல் திரும்பியது. அதே குளிரைக் கொடுக்க இரண்டு மடங்கு தண்ணீர் தள்ள வேண்டும். பம்ப் மின்சாரமோ கணக்குப்படி எட்டு மடங்கு வரை போகும். இரண்டு நாள் தேடினோம். குழாய் கழுவும்போது திறந்த ஒரு பைபாஸ் வால்வை (தண்ணீர் குளிரைக் கொடுக்காமலே குறுக்குவழியில் திரும்பவிடும் அடைப்பானை) மூட மறந்திருந்தார்கள், கூரைப் பலகைக்கு மேலே, தூசி படிந்து கிடந்தது. பக்கத்திலேயே காப்புறையில் நகக்கண் அளவு இடைவெளி. நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது போதும், சொட்டுச் சொட்டாக வடிந்து பலகை ஊறிப் போயிருந்தது. வெந்நீர்க் குழாய் என்றால் சொட்டாது, ஆனால் சூடு போகிற வழியிலேயே தீர்ந்துபோகும். நன்றாகக் காப்பிட்ட புது வீடுகளுக்குச் சூடு கொஞ்சம்தான் தேவை. அதனால் குழாயில் போகும் நஷ்டம் இன்னும் பெரிதாகத் தெரியும். 80 டிகிரியில் அனுப்பாமல் 55-ஐ ஒட்டி அனுப்பப் பாருங்கள், ஹீட் பம்புக்கும் அதுதான் லேசு.

கார்பனைப் பொறுத்தவரை, சிங்கப்பூர் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. எவ்வளவு மின்சாரம் மிச்சமோ அவ்வளவுதான் லாபம். வெந்நீரையும் எரிவாயு பாய்லரில் காய்ச்சி அனுப்பிவிட்டுக் கார்பன் குறைவு என்று சொல்லிக்கொள்ள முடியாது. குப்பை எரிக்கும் ஆலையோ டேட்டா சென்டரோ பக்கத்தில் இருந்தால் அதன் கழிவுச் சூட்டை முதலில் விசாரியுங்கள்.

நான் இருப்பது பழைய ப்ளாக். எங்களுக்கும் இது வருமா என்று கீழ்வீட்டு அண்ணன் கேட்டார். மாடிக்கு மாடி குழாய் ஏற இடமே விடவில்லையே அண்ணே என்றேன். நீங்கள் கட்டப்போவது புதுசு, வரைபடத்திலேயே அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.