கோத்தகிரி சகோதரிக்கு: ஒற்றைத் தலைவலி மாத்திரைச் செலவு

மாதம் 15 நாள் சுமாட்ரிப்டான் போடுகிறேன், பணம் கரைகிறது என்கிறீர்கள். பிராண்ட் பெயருக்குப் பதில் மருந்தின் பெயரையே எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். அந்தச் சீட்டோடு, பிராண்ட் இல்லாத மருந்தை மலிவாக விற்கும் மக்கள் மருந்தகத்திலோ, 2025-ல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ விசாரியுங்கள். ஊட்டிக்குப் பஸ் ஏறுமுன் ஸ்டாக் உண்டா என்று போன் போட்டுவிடுங்கள். மழையில் நனைந்து வெறுங்கையோடு திரும்புவது கொடுமை. வாங்கியதும் அட்டையைத் திருப்பி, மருந்துப் பெயரும் மில்லிகிராமும் சீட்டில் உள்ளதுதானா என்று பாருங்கள்.

எனக்கு உறுத்துவது அந்த 15 நாள்தான். மாதத்துக்கு 10 நாளோ அதற்கு மேலோ என்று மாதக்கணக்கில் போட்டால், மாத்திரையே தலைவலியைக் கிளப்பிவிடலாம். தலைவலி வராமல் தடுக்கும் மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அப்படித் தடுக்கத் தரும் புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் எல்லாம் பழைய, மலிவான மருந்துகள். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கலாம். அப்புறம், ஆஸ்துமா இருந்தால் புரோப்ரனலால் ஆகாது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.