ஐவிஎஃப் சிகிச்சையோடு அக்குபங்சர்: கரு பதிய உதவுமா?

கேள்வி: எனக்கு வயது 34, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உண்டு. முதல் ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறைக் கருத்தரிப்பு) முயற்சி பலிக்கவில்லை. அடுத்த மாதம் இரண்டாவது முயற்சி. கருவைக் கருப்பைக்குள் வைக்கும் நாளில் அக்குபங்சர் (உடலின் குறிப்பிட்ட இடங்களில் மெல்லிய ஊசிகளைச் செருகும் சிகிச்சை) செய்துகொண்டால் கரு நன்றாகப் பதியும் என்கிறார் என் தோழி. செய்துகொள்ளலாமா?

பதில்: கரு பதிவதற்காக என்றால், தேவையில்லை.

உங்கள் தோழியின் நம்பிக்கை வெறும் வதந்தியில் பிறந்ததல்ல. ஜெர்மனியில் 160 பெண்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், கருவை வைப்பதற்கு முன்னும் பின்னும் அக்குபங்சர் செய்துகொண்டவர்களில் 42.5 சதவீதத்தினரும், செய்துகொள்ளாதவர்களில் 26.3 சதவீதத்தினரும் கருவுற்றனர். ஆனால் அந்த ஆய்வில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அது தெரியும், போடாதவர்களுக்கும் அது தெரியும் என்பதால், பலன் ஊசியால் வந்ததா, கூடுதல் கவனிப்பாலும் நம்பிக்கையாலும் வந்ததா, தற்செயலா என்று பிரித்தறிய வழியில்லை. அதைப் பிரித்தறியத்தான், தோலைத் துளைக்காத போலி ஊசியைக் கொண்டு பின்னர் ஆய்வுகள் நடந்தன. ஹாங்காங்கில் 370 பெண்களிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில் உண்மை ஊசி பெற்றவர்களைவிடப் போலி ஊசி பெற்றவர்களே அதிகம் கருவுற்றனர் என்பது, ஆய்வாளர்களே எதிர்பாராத முடிவாக இருந்திருக்கும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 848 பெண்களைச் சேர்த்து நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு இவற்றில் பெரியது. கருவுறுதலோடு நிற்காமல் குழந்தை பிறந்ததா என்பதையே அது கணக்கிட்டது. உண்மை ஊசி பெற்றவர்களில் 18.3 சதவீதம், போலி ஊசி பெற்றவர்களில் 17.8 சதவீதம்: அதாவது, வேறுபாடே இல்லை.

நீர்க்கட்டி இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சீனாவில் அப்பிரச்சினை உள்ள 1,000 பெண்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், கருமுட்டை வெளிவரத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரை குழந்தைப் பிறப்பைக் கூட்டியது. அக்குபங்சர் தனியாகவும் கூட்டவில்லை, மாத்திரையோடு சேர்ந்தும் கூட்டவில்லை.

கருமுட்டை எடுக்கும்போது ஏற்படும் வலியைப் பொறுத்தவரை நிலைமை வேறு. மயக்க மருந்துக்குப் பதிலாக அல்லாமல் அதனுடன் சேர்த்து மின் அக்குபங்சர் (ஊசிகள் வழியே மெல்லிய மின்சாரம் செலுத்துவது) கொடுத்தால் வலி ஓரளவு குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. காத்திருக்கும் நாட்களின் பதற்றம் தணிந்ததாகச் சொல்பவர்களும் உண்டு. அந்த ஆறுதலுக்காக மட்டும் செய்துகொள்ள விரும்பினால் நான் தடுக்கமாட்டேன், ஆனால் அதற்கான பணம் சிகிச்சைக்கு ஒதுக்கியதிலிருந்து போகக்கூடாது. கரு வைக்கும் நாளில் அதற்கென்று தனியாக அலைவதையும் தவிருங்கள்.

செய்துகொள்வதாக இருந்தால், உங்கள் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஹெப்பாரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுத்தால் ஊசி போடுபவருக்கும் அது தெரிய வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிதானா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். கூடவே மூலிகை மருந்து கொடுத்தால், மருத்துவரிடம் காட்டாமல் உட்கொள்ளாதீர்கள். ஹார்மோன் ஊசிகள் நடக்கும் வேளையில் அது என்ன செய்யும் என்பதை முன்கூட்டிக் கணிக்க முடியாது.